தங்கவயலில் ஒரு சுற்று கோல்ஃப்: நீர், நிலம், கூலிக் கணக்கு

கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, எடை 45.93 கிராமை மீறக் கூடாது. ஆட்டக்காரர் பையில் 14 மட்டைகளுக்கு மேல் இருக்கக் கூடாது. தொலைந்த பந்தைத் தேட 2019 முதல் 3 நிமிடம்தான் அவகாசம், அதற்கு முன்பு 5 நிமிடம். இத்தனை நுணுக்கமாக அளவு வகுத்த விளையாட்டு, மைதானம் எவ்வளவு நீர் குடிக்கலாம் என்பதற்கு மட்டும் வரம்பு எதையும் வகுக்கவில்லை. ஒரு சுற்றின் விலையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்த நீரின் அளவுதான். கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையைச் சுற்றியுள்ள புதர்க்காடு போன்ற வறண்ட நிலத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகத் தெரிகிறது.

கோலார் தங்கவயலுக்கு கோல்ஃப் புதிதல்ல. ஜான் டெய்லர் நிறுவனம் 1880இல் இங்கு கால் வைத்தது. சுரங்க அதிகாரிகளுக்கென கே.ஜி.எஃப். கிளப்பும் அதன் கோல்ஃப் மைதானமும் உருவாயின. பௌரிங்பேட்டையிலிருந்து (இன்றைய பங்காருப்பேட்டை) மாரிகுப்பம் வரை 16 கிலோமீட்டர் ரயில் பாதை 1894இல் வந்தது. சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் 1902இல் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3,200 மீட்டர் ஆழத்தை எட்டியது. 6,000 கஜம் நீளமுள்ள 18 குழி மைதானத்தை மீட்டரில் சொன்னால் 5,486. சுரங்கத்தின் ஆழம் அதில் 58 சதவீதம். அதிகாரி மேலே படுகிடையாக நடந்த தூரத்தில் பாதிக்கு மேல், தொழிலாளி கீழே செங்குத்தாக இறங்கினார்.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. சுமார் 120 ஆண்டுகளில் வெட்டியெடுத்த தாது ஏறத்தாழ 5.1 கோடி டன், கிடைத்த தங்கம் 800 டன்னுக்கு மேல். சராசரியாக டன்னுக்கு 15.7 கிராம். ஒரு கோல்ஃப் பந்தின் எடைக்குத் தங்கம் வேண்டுமென்றால் 2.9 டன் தாதுவை அரைக்க வேண்டியிருந்தது. எஞ்சியவை கழிவு மண் குவிந்த சயனைடு மேடுகள். கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஏலத்துக்கு இசைவு அளித்தபோது வெளிவந்த விவரப்படி, 13 மேடுகள் 1,003.4 ஏக்கரில் கிடக்கின்றன. கழிவு மண் சுமார் 3.3 கோடி டன், அதில் மிஞ்சியிருக்கும் தங்கம் சுமார் 23 டன். அதாவது டன்னுக்கு 0.7 கிராம். அதே பந்தின் எடைக்கு இப்போது சுமார் 66 டன் மண் வேண்டும்.

ஒரு மைதானத்துக்கு வேண்டிய நிலத்துக்கு அளவுகோல் இது: பெங்களூரு சல்லகட்டாவில் உள்ள கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் 18 குழி மைதானம் சுமார் 124 ஏக்கர், ஹெக்டேரில் 50. அதே நகரில் 1876இல் தொடங்கிய பெங்களூரு கோல்ஃப் கிளப் சுமார் 60 ஏக்கருக்குள் அடங்கிவிடுகிறது. சுரங்கத்தை நடத்திய பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் வசம் தங்கவயலில் இருந்த நிலம் 12,000 ஏக்கருக்கு மேல். 124 ஏக்கர் அதில் 1 சதவீதம்தான். எனவே பரப்பளவு இங்கு தடையல்ல. சயனைடு மேடுகளின் பரப்பை மட்டும் 124ஆல் வகுத்தாலும் 8 மைதானம் வரும். ஆனால் அந்த மண்ணில் நடக்கச் சொல்லி யாரிடமும் கட்டணம் வாங்கக் கூடாது. காற்றடித்தால் அதன் தூசி தொழிலாளர் லைன் வீடுகளுக்குள் வருகிறது என்பது ஊர் அறிந்த குறை. கணக்கிலிருந்து அந்த 1,003.4 ஏக்கரை விலக்கிவிடுவதே நியாயம்.

தடை நீர்தான். கோலார் மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 700 மில்லிமீட்டர். வற்றாத ஆறு ஒன்றும் மாவட்டத்தில் இல்லை. நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட பகுதிகளின் பட்டியலில் கோலார் பல ஆண்டுகளாக இருக்கிறது. ஆழ்துளைக் கிணறுகள் 1,000 அடியைத் தாண்டிச் செல்கின்றன. ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது 10,000 லிட்டர். புல்தரை பசுமையாக நிற்க நாளொன்றுக்குச் சராசரியாக 5 மில்லிமீட்டர் வேண்டும் என்று கொள்வோம். ஆண்டுக்கு 1,825 மில்லிமீட்டர். 700 மில்லிமீட்டர் மழையில் பாதி புல்லுக்குப் பயன்படும், மீதி ஓடிப்போகும் அல்லது வேண்டாத நாளில் பெய்யும். அப்படியானால் வெளியிலிருந்து கொடுக்க வேண்டியது ஆண்டுக்கு 1,475 மில்லிமீட்டர்.

50 ஹெக்டேரில் பாதியை, அதாவது 25 ஹெக்டேரை, புல்லாக வைத்துப் பராமரித்தால் ஆண்டுத் தேவை 36.9 கோடி லிட்டர். நாளொன்றுக்கு 10.1 லட்சம் லிட்டர். நகரக் குடிநீர் வழங்கலுக்கு மத்திய அரசின் கையேடு வகுத்த அளவு ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். அந்த அளவில் 10.1 லட்சம் லிட்டர் என்பது 7,480 பேரின் ஒரு நாள் நீர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்கவயல் நகரின் மக்கள்தொகை 1.6 லட்சத்துக்குச் சற்று மேல். ஆக, ஊரில் 4.6 சதவீதம் பேருக்குரிய நீரை ஒரே மைதானம் குடிக்கும். அந்த 135 லிட்டர் ஆண்டர்சன்பேட்டையின் எத்தனை வீட்டுக்கு முழுதாக வந்து சேர்கிறது என்று தெருக்குழாயடியில் நிற்பவரைக் கேட்டால், சதவீதம் இன்னும் உயரும்.

நீருக்கு விலை போடுவதில் ஒரு சிக்கல் உண்டு. போர் போட்டு எடுப்பவர் மின்கட்டணத்தை மட்டும் பார்க்கிறார், நீரை இலவசம் என்று எழுதிக்கொள்கிறார். சந்தை விலை என்ற ஒன்று 2024 மார்ச்சில் கிடைத்தது. பெங்களூருவின் தட்டுப்பாட்டின்போது மாவட்ட நிர்வாகம் டேங்கர் லாரிக்கு விலை நிர்ணயித்தது. 12,000 லிட்டர், 5 கிலோமீட்டருக்குள் 1,000 ரூபாய், 10 கிலோமீட்டர் வரை 1,200 ரூபாய், வரி தனி. குறைந்த விலையையே எடுத்துக்கொள்வோம். 36.9 கோடி லிட்டருக்கு 30,700 லாரி, நாளொன்றுக்கு 84. ஆண்டுச் செலவு 3.07 கோடி ரூபாய்.

இந்தத் தொகையை எத்தனை பேர் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. பெருநகர மைதானம் ஒன்றில் ஆண்டுக்கு 40,000 சுற்று நடக்கிறது என்று வைத்தால் ஒரு சுற்றின் நீர்ச்செலவு 768 ரூபாய். ஆண்டர்சன்பேட்டையில் 40,000 வராது. நாளொன்றுக்கு 15 பேர் என்பதே தாராளமான மதிப்பீடு. ஆண்டுக்கு 5,475 சுற்று. அப்போது ஒரு சுற்றின் நீர்ச்செலவு மட்டும் 5,613 ரூபாய். கர்நாடகத்தில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் 2025–26 நாள்கூலி 370 ரூபாய். 5,613 ரூபாய் என்பது 15 நாள் கூலி. நாலு மணி நேர ஆட்டத்துக்கு, அதிலும் நீருக்கு மட்டும். மலிவான கோல்ஃப் என்ற பேச்சை இந்த ஒரு வரியோடு முடித்துவிடலாம் என்றே தோன்றும்.

ஆனால் ஆட்டத்தின் உள்கணக்கு வேறு மாதிரி. 18 குழிக்கு வழக்கமான நிர்ணய அடி 72. அதில் குழிக்கு 2 வீதம் 36 அடி, குழியைச் சுற்றிய மழித்த தரையான கிரீனில் அடிக்க வேண்டியவை. கிரீன் ஒன்று 500 சதுர மீட்டர் என்றால், 18 கிரீனும் சேர்ந்து 0.9 ஹெக்டேர். 50 ஹெக்டேர் மைதானத்தில் அது 1.8 சதவீதம். மொத்த அடியில் 50 சதவீதம், மொத்த நிலத்தில் 1.8 சதவீதம் இடத்தில் விழுகிறது. மீதி 98.2 சதவீதம், பந்து பறந்து கடக்கும் இடம். சீமைக்கருவேலமும் தைல மரமும் உண்ணிச்செடியும் நிற்கலாம், பந்து தொலையும் என்பதைத் தவிர வேறு நட்டமில்லை. பந்து 100 ரூபாய், சுற்றுக்கு 2 தொலையும் என்று கொண்டால் 200 ரூபாய். மூன்று நிமிடத் தேடலில் ஒன்று கிடைத்தால் 100. அது ஆட்டக்காரரின் கைச்செலவு, மைதானக் கணக்கில் சேராது.

ஆகவே 0.9 ஹெக்டேருக்கு மட்டும் நீர் விடுவோம். ஆண்டுக்கு 1.33 கோடி லிட்டர், நாளொன்றுக்கு 36,400 லிட்டர். 84 லாரிக்குப் பதில் 3 லாரி. 7,480 பேருக்குப் பதில் 270 பேரின் நீர். ஆண்டுச் செலவு 11.06 லட்சம் ரூபாய், சுற்றுக்கு 202 ரூபாய். முழுப் புல்லின் செலவில் இது 3.6 சதவீதம். மைதானம் தொலைவிலிருந்து பார்க்க அழகாயிராது, படத்துக்கு ஏற்றதல்ல. விளையாட்டின் பாதி மட்டும் புல்லில் நடக்கும்.

அந்த 3.6 சதவீதத்தையும் விட்டுவிடலாம். இந்தியச் சமவெளியின் பழைய மைதானங்களில் கிரீனுக்குப் பதில் பிரவுன் போடுவது வழக்கமாக இருந்தது. மணலில் எண்ணெய் கலந்து சமன்படுத்திய வட்டத் தரை. 15 மீட்டர் விட்டம் என்றால் ஒன்றுக்கு 177 சதுர மீட்டர், 18க்கும் சேர்த்து 3,180 சதுர மீட்டர். நீர்த்தேவை பூஜ்யம். ஒவ்வொரு குழு ஆடி முடித்த பின்பும் ஓர் ஆள் பலகையால் மணலைச் சமன்செய்ய வேண்டும். பழைய என்ஜின் எண்ணெயைக் கொட்டினால் நிலத்தடிக்கு இறங்கும் என்பதால், பூஜ்யம் என்ற எண்ணைச் சற்று எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

உலகில் இதற்கு முன்மாதிரிகள் உண்டு, அவையும் சுரங்க ஊர்களில். தென் ஆஸ்திரேலியாவின் கூபர் பீடி ஓப்பல் கல் தோண்டும் ஊர். ஆண்டு மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு, அதாவது கோலார் மழையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மக்கள்தொகை 2,000க்கும் கீழே. அங்குள்ள 18 குழி மைதானத்தில் புல்லே கிடையாது. ஆட்டக்காரர் சிறு துண்டுப் புல்விரிப்பைக் கையில் எடுத்துச் சென்று, அதன் மேல் பந்தை வைத்து அடிக்கிறார். 1.6 லட்சம் பேரும் 700 மில்லிமீட்டர் மழையும் உள்ள ஊரில் அது முடியாது என்று சொல்லக் காரணம் தெரியவில்லை.

எதிர்ப்பக்க உதாரணம் மேற்கு ஆஸ்திரேலியாவின் கல்கூர்லி. 1893இல் தங்கம் கண்டுபிடிக்கப்பட்ட ஊர், ஏறத்தாழ நம் தங்கவயலின் வயது. தங்கவயலுக்கு 147 கிலோமீட்டரிலிருந்து மின்சாரம் வந்த மறு ஆண்டு, 1903இல், கல்கூர்லிக்கு 530 கிலோமீட்டர் குழாயில் தண்ணீர் வந்தது. ஆண்டு மழை சுமார் 265 மில்லிமீட்டர். இன்று அங்கு புல் மைதானம் இருக்கிறது, அதற்குப் போவது சுத்திகரித்த கழிவுநீர். அதே ஊரில் தொடங்கி செடூனா வரை 1,365 கிலோமீட்டருக்கு நீளும் நல்லர்போர் லிங்க்ஸ் என்ற 18 குழி மைதானமும் 2009இல் திறக்கப்பட்டது. சராசரியாக 76 கிலோமீட்டருக்கு ஒரு குழி. ஒரு சுற்றின் பெட்ரோல் செலவை இங்கே எழுதாமல் விடுவது நல்லது.

கழிவுநீர்க் கணக்கு கோலாருக்கும் பொருந்தும். பெங்களூருவின் கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்கிலிருந்து சுத்திகரித்த கழிவுநீரை கோலார் மாவட்ட ஏரிகளுக்கு அனுப்பும் திட்டம் சுமார் 1,300 கோடி ரூபாய்ச் செலவில் உருவாகி, 2018 ஜூனில் ஓடத் தொடங்கியது. கொள்ளளவு நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர், இலக்கு 126 ஏரிகள். முழுப் புல் மைதானம் கேட்கும் 10.1 லட்சம் லிட்டர் அதில் 0.23 சதவீதம், கிரீன்கள் மட்டும் கேட்கும் 36,400 லிட்டர் 0.008 சதவீதம். ஆயினும் அந்த நீர் ஏரி வழியாக நிலத்தடியை நிரப்பவே திட்டமிடப்பட்டது. மைதானத்துக்கென்று குழாய் பிரிப்பது சதவீதத்தால் மட்டும் முடிவாகும் விஷயமல்ல. ஊரின் சொந்தக் கழிவுநீரே போதும் என்பது சற்று வலுவான வாதம். 1.6 லட்சம் பேர், தலைக்கு 135 லிட்டர், அதில் 80 சதவீதம் கழிவாகத் திரும்புகிறது என்றால் நாளொன்றுக்கு 1.73 கோடி லிட்டர். நீர் வழங்கல் பாதியாக இருந்தாலும் 86 லட்சம் லிட்டர். கிரீன்களின் தேவை அந்தப் பாதியிலும் 0.42 சதவீதம்.

கூலிக் கணக்குக்கு 370 ரூபாயையே அலகாக வைப்போம். உண்மைக் கூலி இதைவிடக் கூடும் என்பதை நினைவில் கொள்க. பிரவுன் மைதானத்துக்கு 6 ஆள், கிரீன் மட்டும் உள்ளதற்கு 10 ஆள், முழுப் புல்லுக்கு 20 ஆள், ஆண்டுக்கு 300 நாள் என்று கொள்வோம். முறையே 6.66 லட்சம், 11.1 லட்சம், 22.2 லட்சம் ரூபாய். 5,475 சுற்றுக்கு வகுத்தால் 122, 203, 405 ரூபாய். நீரில் பூஜ்யத்துக்கும் 5,613க்கும் இடையே இருந்த பள்ளம், கூலியில் சுமார் 3.3 மடங்குதான். இந்தச் செலவு ஊருக்குள்ளேயே சம்பளமாகத் தங்கும் என்பதால், அதைக் குறைக்க வேண்டும் என்ற அவசரமும் இல்லை.

நிலத்துக்கு வருவோம், அதாவது பெரும்பாலான கோல்ஃப் கணக்குகள் நழுவவிடும் வரிக்கு. சென்னை கிண்டியில் மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்கு 1945 முதல் 99 ஆண்டுக் குத்தகையாக 160.86 ஏக்கர் இருந்தது. பந்தயப் பாதைக்கு நடுவே ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம். ஆண்டு வாடகை சுமார் 614 ரூபாய். ஏக்கருக்கு 3 ரூபாய் 82 காசு. அரசு கோரிய நிலுவை, 1970 முதல் 2004 வரையிலான 34 ஆண்டுக்கு 730.86 கோடி ரூபாய். ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 13.36 லட்சம் ரூபாய். இரண்டுக்கும் இடையே மூன்றரை லட்சம் மடங்கு. 2024 செப்டம்பரில் அரசு நிலத்தை மீட்டுக்கொண்டது. நகரங்களில் உறுப்பினர் செலுத்தும் கட்டணத்தில் எவ்வளவு மலிவு அவரது சிக்கனத்தால் வந்தது, எவ்வளவு நிலத்தின் விலையைக் கேட்காமல் விட்டதால் வந்தது என்பதை இந்த மடங்கிலிருந்து ஊகிக்கலாம்.

ஆண்டர்சன்பேட்டை கிண்டி அல்ல. கிண்டிக்கு அரசு கேட்ட வாடகையில் 1 சதவீதத்தை, ஏக்கருக்கு ஆண்டுக்கு 13,360 ரூபாயை, இங்கு வைத்துப் பார்ப்போம். 124 ஏக்கருக்கு 16.57 லட்சம் ரூபாய், சுற்றுக்கு 303 ரூபாய். பழைய குத்தகை விகிதமான 3 ரூபாய் 82 காசு வைத்தால் ஆண்டுக்கு 474 ரூபாய், சுற்றுக்கு 9 காசு. முதல் எண்ணைக் கணக்கில் வைத்துக்கொள்வதே முறை.

நீர், கூலி, நிலம் மூன்றையும் கூட்டினால், நாளுக்கு 15 பேர் ஆடும் மைதானத்தில் ஒரு சுற்றின் அடக்கவிலை: முழுப் புல் 6,321 ரூபாய், கிரீன்கள் மட்டும் 708 ரூபாய், பிரவுன் 425 ரூபாய். கருவி, டீசல், காவல், கணக்கர் சம்பளம் இதில் இல்லை. முழுப் புல்லிலிருந்து கிரீன்களுக்கு இறங்கும்போது மிச்சமாவது 5,613 ரூபாய், தற்செயலாகப் புல்லின் நீர்ச்செலவுக்கே சமம். கிரீனிலிருந்து பிரவுனுக்கு இறங்கும்போது மிச்சமாவது 283 ரூபாய்தான். பிரவுனுக்காக வாதாடுபவர்கள் இந்த இரண்டாவது எண்ணைக் கவனிக்க வேண்டும். பெரிய சேமிப்பு முதல் படியிலேயே கிடைத்துவிடுகிறது.

708 ரூபாய் இன்னும் 2 நாள் கூலிக்குச் சற்றுக் குறைவு. ஆனால் கிரீன் கணக்கில் ஆண்டுச் செலவான 38.73 லட்சம் ரூபாய் ஆட்டக்காரர் எண்ணிக்கையோடு ஏறுவதில்லை. நாளுக்கு 30 பேர் வந்தால் சுற்றுக்கு 354 ரூபாய், ஒரு நாள் கூலிக்கும் கீழே. ஹொசகோட்டையிலிருந்து தங்கவயலை அடுத்த பேத்தமங்கலம் வரை சென்னை விரைவுச்சாலையின் சுமார் 71 கிலோமீட்டர் 2024 டிசம்பரில் வாகனங்களுக்குத் திறக்கப்பட்டது. பெங்களூருவிலிருந்து சில கார்கள் ஞாயிறு காலையில் வரக்கூடும். நாளுக்கு 60 பேர் வந்தால் 177 ரூபாய், கூலியில் 48 சதவீதம். 60 பேர் என்பது தங்கவயல் மக்கள்தொகையில் ஏறத்தாழ 2,700 பேருக்கு ஒருவர்.